நாற்பது குதிரைகளும் இரண்டு மெலிந்த மூட்டைகளும்

பிளஷர் காரின் பின் சீட்டில் மூன்று நெல் மூட்டைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வெள்ளை உறை போட்ட சீட்டு. உறையில் தூசு படியக்கூடாது என்று மூட்டைகளுக்கு அடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். புரட்டாசி வெயிலில் புது நெல்லின் வாசனையும் பெட்ரோல் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியது.

நான் பாலத்துச் சரிவில் குப்புறப் படுத்து, தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். பாலத்தின் அடிக்கும் உச்சிக்கும் எத்தனை உயரம் என்று அளக்க அது ஒன்றுதான் என்னிடம் இருந்த கருவி. சட்டை முழுக்கச் செம்மண். சுற்றிலும் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

"வாத்தியாரு எதையோ தொலைச்சுட்டாரு போலருக்கு" என்றாள் ஒருத்தி.

தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் எஞ்சின்களைச் சோதித்த கதையைப் போன வாரம் எழுதினேன். ஒரு வாசகர், 'சுவருக்குள்ளேயே சோதித்துக்கொண்டிருந்தீரே, வெளியே வந்து எதையாவது அளந்ததுண்டா?' என்று குத்தலாகக் கேட்டிருக்கிறார். உண்டு ஐயா. இதோ.

கயிறு கருகும் வாசனை

அதற்கு முன்னால், ஒரு எஞ்சினின் சக்தியை எப்படி அளப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், கணக்கு வராது.

எங்கள் பட்டறையில் எஞ்சினை மேடையில் பூட்டி, அதன் சக்கரத்தைச் சுற்றிக் கனமான கயிறு போடுவோம். கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல், மறு முனையில் தராசு. எஞ்சின் சுற்ற முயலும், கயிறு விடாது. அந்த இழுபறியில் எஞ்சின் எவ்வளவு தாங்குகிறதோ அதுதான் அதன் சக்தி. கயிறு சூடேறிக் கருகாமலிருக்க ஒரு மாணவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பான். அவன் பெண்கள் கல்லூரிப் பேருந்தைப் பார்க்கத் திரும்பினால் போயிற்று. பட்டறை முழுக்கக் கருகிய வாடை.

அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எனக்கு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. கம்பெனிகள் அச்சடித்துத் தரும் பளபளப்பான புத்தகங்களை நம்ப முடியாத வியாதி. அதில் போட்டிருக்கும் குதிரைசக்தி பெரும்பாலும் எஞ்சினை உரித்துவைத்து எடுத்தது. காற்றாடி, டைனமோ, சைலன்ஸர், காற்று வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இருப்பதில் நல்ல எஞ்சினாகப் பொறுக்கி எடுத்து, ஓட்டிப் பார்த்து எழுதியிருப்பார்கள். மாப்பிள்ளையின் உயரத்தைத் தலைப்பாகையோடு சேர்த்து அளப்பது மாதிரி. பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த உயரத்தை நம்பிக் கட்டில் செய்தால் தச்சன்தான் சிரிப்பான்.

மலை இல்லாத ஊர்

எங்கள் டெல்டாவில் காரைச் சோதிக்க நினைப்பவனுக்கு இன்னொரு தொல்லை. ஏற்றமே கிடையாது. பெயரிலேயே மலையை வைத்திருக்கும் சுவாமிமலையில்கூடக் கொஞ்சம் படியேறினால் மலை தீர்ந்துபோகும். அதிலும் கார் ஏறாது.

ஆகவே இங்கே டிரைவர்கள் பாலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றுப் பாலத்தின் சரிவுக்குக் கீழே காரை நிறுத்தி, ஆள் கொள்ளுமட்டும் ஏற்றி, கியரைக் குறைக்காமல் உச்சிக்குப் போனால் நல்ல வண்டி. இடையில் முனகினால் விலை பேசலாம். மாயவரத்தில் ஒரு தரகர் இருந்தார். கார் விற்கும் நாளில் ஒல்லியான ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வாங்கும் நாளில் அவருடைய மைத்துனர்கள் வருவார்கள். அந்த மைத்துனர்கள் உட்கார்ந்து எழுந்த காருக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கும்.

இந்தப் பாலத்துச் சோதனையை நான் கேலி செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோது, அதில் தப்பே இல்லை என்று பட்டது. இவ்வளவு எடையை, இவ்வளவு உயரத்துக்கு, இத்தனை நேரத்தில் ஏற்றினால் அதுதானே சக்தி? எடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆட்களின் எடை யாருக்குத் தெரியும்?

கூலிக்குப் பதில் கார்

கீழ்வேளூருக்கு வடக்கே, வெட்டாற்றின் அக்கரையில் இருக்கிறது அந்த ஊர். பேர் வேண்டாம். ஆட்சி கைமாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று தினமும் ஏதாவது பேச்சு. அறுப்பு வந்தால் கூலித் தகராறும் கூடவே வரும். ஒரு பக்கம் செங்கொடி, மறுபக்கம் வெளியூர் ஆள் இறக்கும் மிராசுதார்கள், நடுவில் போலீஸ் வேன். அந்த மாவட்டத்தில் அப்போது எல்லோரும் கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஊர்ப் பெரிய நிலக்காரரைப் பெரியபண்ணை என்பார்கள். கூலிக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவர் தங்கையன். நெட்டையாக, மெதுவாகப் பேசுகிறவர். தாசில்தார் முன்னால் நடந்த பேச்சில் சங்கம் இரண்டு கேட்டது. ஒன்று, அறுக்கிற கலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி. இரண்டாவது, பிரசவக் கேஸை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி.

இரண்டாவதற்குக் காரணம், சங்கத்தில் இருந்த நாகம்மா. முந்தின வருடம் அவருடைய மூத்த மகளைப் பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது இளைய மகள் வசந்தாவுக்கு ஏழாம் மாதம்.

பெரியபண்ணை யோசித்து ஒரு யோசனை சொன்னார். புதுக் கார் வாங்கிவிட்டதால் பழைய பிளஷர் சும்மா நிற்கிறது. அதைக் கூலிக்காரர் தெருவுக்கே கொடுத்துவிடுகிறேன். பதிலுக்கு இந்த அறுப்புக்கும் அடுத்த அறுப்புக்கும் கூடுதல் கூலிப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

"நாப்பது குதிர சக்தி. பொஸ்தகத்துலயே போட்டுருக்கு. வேற என்ன வேணும்?" என்றாராம்.

ஒரு தெருவின் இரண்டு அறுப்புக் கூலியைக் கொடுத்து வாங்குகிற வண்டி. பாலத்தில் ஏறாமல் நின்றுவிட்டால் கூலியும் போச்சு, வசந்தாவுக்கு வண்டியும் இல்லை. தங்கையன், யாராவது பொதுவான ஆள் சோதித்துச் சொல்லட்டும் என்றார். தாசில்தார் எங்கள் பிரின்சிபாலுக்குச் சொல்ல, பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நெல் உட்காரலாம்

ஆட்களை ஏற்றினால் எடை தெரியாது, மூட்டை இருந்தால் தேவலை என்று நான் வாயெடுப்பதற்குள் பெரியபண்ணையே சொன்னார்.

"ஆளெல்லாம் எதுக்கு தம்பி? நெல்ல ஏத்திப் பாருங்களேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். மிராசுதாராக இருந்தாலும் விஞ்ஞானம் தெரிந்த மனுஷன் என்று நினைத்தேன். தங்கையன் என் பக்கம் குனிந்து சொன்னார்: "கார் இன்னும் அவரு பேருலதானே சார் இருக்கு. நெல்லு உக்காரலாம். நாங்க உக்காரக் கூடாது."

வெள்ளை உறையைப் பார்த்தேன். சுருக்கென்றது. வேலையைப் பார்க்கப் போனேன்.

களம் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. குறுவை அறுத்துத் தூற்றிய நெல், அம்பாரமாகக் கிடந்தது. காலையில் அளந்து கட்டிய மூட்டைகள் ஓரமாக இருந்தன. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. மூன்றைத் தூக்கி உள்ளே வைத்தோம். ஐந்து ஆள் பாரம் வர வேண்டும் என்பதால் இன்னும் இரண்டு மூட்டை கேட்டேன். கட்டிய மற்ற மூட்டைகளை அதற்குள் பண்ணை வீட்டுக்கு மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். பண்ணையின் கணக்குப்பிள்ளை அதே அம்பாரத்திலிருந்து புதிதாக அளந்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகம் போட்டு, மரக்கால் மரக்காலாகச் சாக்கில் கொட்டினார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லும் வழக்கத்தை அன்றுதான் நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"கலம் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம், கிலோ வேண்டும்" என்று அடம்பிடித்தேன். ரைஸ் மில்லிலிருந்து இரும்புத் தராசு மாட்டுவண்டியில் வந்தது. உள்ளே வைத்த மூட்டைகளை மறுபடி இறக்கச் சொன்னதும் பண்ணையின் டிரைவர் கோவிந்தராஜு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

மூன்று மூட்டைகளும் ஏறக்குறைய ஒரே எடை. புதிதாகக் கட்டிய இரண்டும் நன்றாகக் குறைந்தன.

எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் பொறுமை கிடையாது. தராசு கோளாறு என்று நினைத்து நானே ஏறி நின்றேன். என் எடை சரியாகவே இருந்தது. மறுபடி மூட்டைகள். மறுபடி அதே வித்தியாசம். ஈரமா? ஒரே அம்பாரம், ஒரே ஈரம். பதரா? கையை விட்டுப் பார்த்தேன், ஒரே நெல்.

"என்னங்க இது? ரெண்டு கலம்னு சொன்னீங்க, மூட்டைக்கு மூட்டை மாறுது. மரக்காலைக் கொண்டாங்க" என்று கத்தினேன்.

கணக்குப்பிள்ளையின் கையில் ஒரு மரக்கால் இருந்தது. அம்பாரத்தின் மேல் இன்னொன்று கிடந்தது. கிடந்ததில் நெல்லை நிரப்பித் தலை தட்டி, கையிலிருந்ததற்குள் கொட்டினேன். அது நிறைந்தது. நெல் இன்னும் வந்தது. வழிந்து என் செருப்பின் மேலெல்லாம் விழுந்தது.

நான்தான் மடையன் மாதிரி உரக்கக் கேட்டேன்: "எதுக்குங்க ரெண்டு வெச்சிருக்கீங்க?"

கணக்குப்பிள்ளை பாவம், என்ன கேட்கிறேன் என்று யோசிக்காமலே பதில் சொல்லிவிட்டார்.

"அது எடுக்குறது சார். இது குடுக்குறது."

கொடுப்பது என்றால் கை தானாகவே சின்ன மரக்காலுக்குப் போகும். அத்தனை வருடப் பழக்கம். இந்தத் தடவை நெல்லை வாங்கிக்கொள்ளப்போவது கூலிக்காரன் இல்லை, காரின் பின் சீட்டு என்பது அவருக்கு மறந்துவிட்டது.

யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை. அம்பாரத்தைப் பெரிய மரக்காலில் அளந்தால் கலம் குறையும். குறைந்த கலத்துக்குக் கூலியைச் சின்ன மரக்காலில் கொடுத்தால் அதுவும் குறையும். இரண்டு பக்கமும் அடி. பண்ணையில் ஒரே மரக்கால்தான் என்று பெரியபண்ணை தாசில்தாரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் தங்கையன்தான்.

பாதிக் குதிரை

"மொதல்ல காரப் பாருங்க" என்றார் பெரியபண்ணை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பார்த்தோம். இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, வேகம் மாறாமல் ஏறச் சொன்னேன். கல்லூரி விளையாட்டு வாத்தியாரிடம் இரவல் வாங்கிய கடிகாரத்தில் நேரம் எடுத்தேன். ஒரு தடவை போதாதென்று திரும்பத் திரும்ப ஏற்றினேன். சமதரையில் உருட்டிவிட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்து, உராய்வுக்கும் ஒரு கணக்கு வைத்தேன். காரின் எடையை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். வேறு வழியில்லை. இன்றுவரைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

விடை, நாற்பதில் பாதியை ஒட்டி வந்தது.

"அப்ப கம்பெனிக்காரன் பொய் சொல்றானா?" பெரியபண்ணைக்கு நிஜமாகவே வருத்தம். அந்த நாற்பதை அவர் வருடக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறார்.

"பொய்யில்லைங்க. அவன் எஞ்சினைத் தனியா வெச்சுப் பார்த்தான். நாம சக்கரத்துக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தோம். வண்டியும் பழசு."

அதுவரை புளியமரத்தடியில் நின்றிருந்த நாகம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். வசந்தா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"குதிரயெல்லாம் இருக்கட்டும் சார். எம்புள்ளயோட இந்தப் பாலத்துல ஏறுமா, ஏறாதா? அத சொல்லுங்க."

என்னை அத்தனை பேர் எதிரில் அப்படி நேராக யாரும் கேட்டதில்லை. பட்டறையில் நான் ஒரு எண்ணை எழுதினால், தப்பாக இருந்தாலும் ஒரு மாணவனுக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கணக்கை இன்னொரு முறை ஆரம்பத்திலிருந்து போட்டேன்.

"ஏறும்மா. டிரைவரோட அஞ்சு பேர். அதுக்கு மேல ஏத்தக் கூடாது. அடியிலேயே ரெண்டாவது கியருக்கு வந்துடணும். அப்படிப் போனா ஏறும்."

"மழ பேஞ்சா?"

"மழையிலும் ஏறும். மெதுவா ஏறும்."

நாகம்மா வசந்தாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

ஒரு மரக்கால் போதும்

அங்கே குத்தகைக்காரர்களும் நின்றிருந்தார்கள். வருடா வருடம் பெரிய மரக்காலில் குத்தகை அளந்தவர்கள். அவர்கள் முகங்கள் மாறியதைப் பெரியபண்ணை பார்த்துவிட்டார். அவர் முட்டாள் இல்லை.

"கார எடுத்துக்கிட்டுப் போங்க. கூலிப் பேச்ச விட வேணாம், அத தாசில்தார் எதுர பேசிக்கலாம். மரக்கால் வெவகாரத்த மட்டும் இதோட விட்டுருங்க. எங்கப்பா காலத்துலேருந்து இருக்குது அது. நானா செஞ்சேன்?"

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

"கார வாங்கிக்கறோம்" என்றார் தங்கையன். "மரக்கால விட முடியாதுங்க. பழச கெளற வரல நாங்க. சர்க்கார் முத்திர போட்டது ஒண்ணு வாங்கி வைங்க. எடுக்குறதுக்கும் அதுதான், குடுக்குறதுக்கும் அதுதான்."

பெரியபண்ணை குத்தகைக்காரர்களை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையிடம், "நாளைக்கே நாகைக்குப் போயி வாங்கிட்டு வாரும்" என்றார். யாரும் கைதட்டவில்லை. தங்கையன் மட்டும் கும்பிட்டார். எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஓர் எஞ்சினை அளக்கப் போய் ஒரு ஊரின் அளவையே சரிசெய்த பெருமை எனக்குத்தான் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டேன். பெருமையில் பாதி கணக்குப்பிள்ளைக்குச் சேரும். அதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊர் அதோடு சொர்க்கமாகிவிடவில்லை. அடுத்த அறுப்பிலும் கூலிச் சண்டை வந்தது. ஆனால் சண்டை கூலியைப் பற்றித்தான் வந்தது, அளவைப் பற்றி வரவில்லை. அந்த நாட்களில் அது சின்ன விஷயமில்லை.

மார்கழி பிறந்ததும்

அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பாலத்துச் சரிவு நினைவுக்கு வரும். கடிகாரத்தைச் சரியாகத்தான் நிறுத்தினேனா? காரின் எடையை அந்தப் புத்தகத்தை நம்பி எடுத்தேனே, அதில் கம்பெனிக்காரன் என்ன விளையாட்டு விளையாடியிருப்பான்?

மார்கழி பிறந்த சில நாளில் கோவிந்தராஜு கிளட்ச் விஷயமாகப் பட்டறைக்கு வந்தார். அப்போது அவர் சங்கத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கிளட்சைப் பற்றிக் கேட்கவில்லை.

"வசந்தாவுக்குப் பொம்பளப் புள்ள சார். தாயும் புள்ளயும் நல்லாருக்காங்க" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டீ வரவழைத்தேன். குடித்துக்கொண்டே அவர் சொன்னார்.

மத்தியானம் வலி எடுத்திருக்கிறது. கொட்டுகிற மழை. பின் சீட்டில் வசந்தா, நாகம்மா, மருத்துவச்சி. முன்னால் கோவிந்தராஜுவும் தங்கையனும். சரிவின் பாதியில் எஞ்சின் முனக ஆரம்பித்தது. வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. வசந்தா கத்துகிறாள். தங்கையனுக்குப் பொறுக்கவில்லை, பாரத்தைக் குறைக்கலாம், தள்ளலாம் என்று கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

நாகம்மா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாராம்.

"எறங்காத தங்கையா. உள்ள உக்காரு. அஞ்சு பேரு ஏறலாம்னு அளந்து சொல்லிருக்கு."

தங்கையன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கோவிந்தராஜு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வண்டி மெதுவாக ஏறியது.